மஹல்லாவில் இளைஞர் சங்கம்: ஏழு பேரோடு தொடங்குகிறவர்களுக்கு

வடசென்னையில் மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு, ஓட்டேரி என்று எந்தப் பக்கம் போனாலும் இஷா (இரவுத் தொழுகை) முடிந்து பள்ளிவாசல் படியில் பத்துப் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் "நாமளும் ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம் பாய்" என்று சொல்லிவிட்டால் அடுத்த வாரம் டி-ஷர்ட் வந்துவிடும், பத்து நாளில் பேனர் வந்துவிடும். ரமலான் வரை ஓடும். ஷவ்வால் பிறையோடு, அதாவது பெருநாளோடு, பாதிப் பேர் காணாமல் போவார்கள். மிச்சமிருப்பது யார் கையில் எவ்வளவு பணம் நிற்கிறது என்ற சண்டைதான். இந்த வழிகாட்டி, டி-ஷர்ட் அடிப்பதற்கு முன்னால் படிக்க வேண்டியது.

பள்ளிவாசலில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்

முதலில் உங்கள் மஹல்லா எது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். வடசென்னையில் நான்கு தெருவுக்குள் மூன்று பள்ளிகள் இருக்கும். ஒன்றில் தமிழில் பயான் (மார்க்க உரை), அடுத்ததில் உருது. எந்தப் பள்ளியின் ஜமாஅத் பதிவேட்டில் உங்கள் வீட்டுப் பெயர் இருக்கிறதோ, நிக்காஹ்வுக்கும் (திருமணம்) மய்யித்துக்கும் (இறுதிச் சடங்கு) எந்தப் பள்ளிக்குப் போகிறீர்களோ, அதுதான் உங்கள் மஹல்லா. ஊரிலிருந்து வந்து மண்ணடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு இந்தப் பதிவு இருக்காது. அவர்களை விட்டுவிடாதீர்கள். கடை வேலை முடிந்து பத்து மணிக்கு அறைக்குத் திரும்பும் அந்தப் பையன்களுக்குத்தான் போக்கிடம் தேவை.

முத்தவல்லியையும் (பள்ளி நிர்வாகி) ஹஜ்ரத்தையும் (இமாம்) தனித்தனியாகப் பாருங்கள். கூட்டமாகப் போனால் கோரிக்கை வைக்க வந்ததுபோல் ஆகிவிடும். இரண்டு பேர் போதும். ஜும்ஆ அன்று போகாதீர்கள், அன்று அவர்களுக்கு நேரம் இருக்காது. செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில் மக்ரிபுக்கும் (அந்தித் தொழுகை) இஷாவுக்கும் இடையில் போங்கள். கேட்க வேண்டியவை மூன்று: வாரம் ஒரு மணி நேரம் உட்கார இடம், ஒரு பூட்டுள்ள அலமாரி, நிர்வாகத்திலிருந்து உங்களுக்குப் பொறுப்பாக ஒரு பெரியவர். பணம் கேட்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே பணம் கேட்ட சங்கத்தைப் பெரியவர்கள் கடைசிவரை அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

"உங்கள் இயக்கம் எது?" என்று நிச்சயம் கேட்பார்கள். பதிலை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் எந்தக் கட்சியிலும் இயக்கத்திலும் இருக்கலாம், சங்கத்தின் பெயரிலும் கொடியிலும் மேடையிலும் அது வராது என்று எழுத்தில் கொடுங்கள். தொழுகையில் விரலை அசைப்பதா, ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபதா என்ற விவாதம் சங்கக் கூட்டத்தில் கூடாது என்பதையும் அதே தாளில் சேருங்கள். மஹல்லா சங்கம் உடைவதற்கு முதல் காரணம் பணம், இரண்டாவது இந்த விவாதம்.

ஏழு பேர், அவர்களுடைய நேரம்

தொடக்கத்துக்கு ஏழு பேர் போதும். பதிவுச் சட்டமும் குறைந்தது ஏழு பேரைத்தான் கேட்கிறது. ஏழும் ஒரே வயது நண்பர்களாக இருந்தால் ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு துபாய் விசா என்று இரண்டே வருடத்தில் கலைந்துவிடும். முப்பதைத் தாண்டிய இருவர், இருபதுகளில் மூவர், பதினெட்டு முடித்த இருவர் என்று கலந்து சேருங்கள்.

நேரத்தை வேலையைப் பார்த்து வையுங்கள். பர்மா பஜார், ஈவ்னிங் பஜார் கடைகளில் வேலை செய்கிறவர்கள் மக்ரிபுக்கு வரவே முடியாது. அவர்களுக்கு இஷாவுக்குப் பின், இரவு பத்தேகாலுக்குத்தான் கூட்டம் கூடும். பள்ளி மாணவர்களை அந்த நேரத்தில் வரச் சொல்லாதீர்கள். தாய்மார்கள் இரண்டாம் வாரமே நிறுத்திவிடுவார்கள், அதுதான் சரியும்கூட. அவர்களுக்கு ஞாயிறு சுப்ஹுக்குப் (அதிகாலைத் தொழுகை) பிறகு விளையாட்டு, பிறகு டீ, பன், எட்டு மணிக்குள் வீடு.

முதல் மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு வேலை எடுங்கள். வாரந்தோறும், நாள் மாறாமல். சனிக்கிழமை மாலை சான்றிதழ் உதவி என்று முடிவு செய்தால் பதின்மூன்று சனிக்கிழமையும் அந்த மேசை திறந்திருக்க வேண்டும், மழை பெய்தாலும். ஒரு சனி மூடியிருந்தால் மறு சனி வருகிறவர்கள் பாதியாகிவிடுவார்கள்.

பணம்

இதைத்தான் அதிக கவனத்தோடு படிக்க வேண்டும். சங்கத்துக்கு வருகிற பணம் மூன்று வகை: ஜகாத் (கடமையான தர்மம்), ஸதகா (விருப்பத் தர்மம்), பொதுப்பணம். மூன்றுக்கும் மூன்று நோட்டு. ஜகாத் யாருக்குப் போகும் என்பதைக் குர்ஆன் 9:60 எட்டுப் பிரிவாக வரையறுத்துவிட்டது. அந்தப் பணத்தில் ஜெர்சி வாங்குவதோ, மேடை போடுவதோ, மைக் செட் வாடகை கொடுப்பதோ கூடாது. கொடுக்கிறவர் எந்த நிய்யத்தில் (எண்ணத்தில்) கொடுக்கிறார் என்று பணத்தைக் கையில் வாங்கும்போதே கேட்டு ரசீதில் எழுதுங்கள். பிறகு கேட்டால் அவருக்கே நினைவு இருக்காது.

ரசீதுப் புத்தகம் வரிசை எண்ணோடு, கார்பன் நகலோடு அச்சடிக்கப்பட்டிருக்க வேண்டும். எத்தனை புத்தகம் அச்சடித்தோம், எது யாரிடம் இருக்கிறது என்று தனியாக ஒரு பக்கம் எழுதுங்கள். தவறாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியாதீர்கள். குறுக்கே கோடு போட்டு இரண்டு தாளையும் புத்தகத்திலேயே விடுங்கள். ஒரு எண் காணாமல் போனாலே சந்தேகம் வரும், அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்குவதுதான் இன்று நடக்கிற பெரிய தவறு. சங்கத்துக்கு வந்த 500 ரூபாயும் அவர் வீட்டு மளிகைக்குப் போன 500 ரூபாயும் ஒரே பாஸ்புக்கில் கலந்துவிடும். நம்பி ஒப்படைத்த அமானிதத்தில் அவர் ஒரு பைசா தொட்டிருக்க மாட்டார். ஆனால் அதை நிரூபிக்க அவரிடம் வழி இருக்காது. சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்கும்வரை ஜமாஅத்தின் கணக்கில் தனித் தலைப்பில் போட்டு வையுங்கள். பிறகு மூன்று பேரில் இருவர் கையெழுத்திட்டால் மட்டும் பணம் எடுக்கும்படி கணக்கு. நடப்புக் கணக்காகத் திறந்தால் வட்டிப் பிரச்சினை எழாது. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று நான்கு வங்கியில் கேட்டுப் பாருங்கள். கையிருப்பு 2,000 ரூபாய்க்கு மேல் எவரிடமும் இருக்கக் கூடாது.

உறுப்பினர் சந்தா மாதம் 100 ரூபாய் போதும். 25 பேர் ஒழுங்காகக் கொடுத்தால் 2,500. ஞாயிறு டீ, கேரம் பவுடர், ஜெராக்ஸ் செலவுக்கு அது தாங்கும். மாதக் கணக்கை ஒரே தாளில் எழுதி முதல் ஜும்ஆவுக்குப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் ஒட்டுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் வரும்போது கூடுதல் கவனம் தேவை. துபாயிலோ சவூதியிலோ வேலை செய்கிற இந்தியக் குடிமகன், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் 2010 ஆம் ஆண்டின் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அது வெளிநாட்டு நிதி ஆகாது. ஆனால் மலேசியக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ பெற்றுவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நிதிதான். அதற்கான அனுமதி இல்லாத சங்கம் 100 ரூபாய்கூட வாங்கக் கூடாது. மண்ணடிக் குடும்பங்களில் ஒரே வீட்டில் இரண்டு வகையினரும் இருப்பார்கள். எனவே அனுப்புகிறவரிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேட்டுவிடுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

பதிவு

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. உறுப்பினர் 20 பேரை எட்டினாலோ ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம். ரமலான் செலவு ஒன்றே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். சங்க விவரக் குறிப்பு, துணை விதிகள், ஏழு பேரின் அடையாள ஆவணம், அலுவலக முகவரிக்கான சான்று, இட உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றை வைத்துப் பதிவுத்துறையின் இணையதளம் வழியாக விண்ணப்பித்து, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முடிக்க வேண்டும். பள்ளிவாசல் முகவரியைக் கொடுப்பதாக இருந்தால் நிர்வாகக் குழுவின் தீர்மான நகல் வாங்குங்கள். முத்தவல்லி வாயால் சொன்ன சம்மதம், நிர்வாகம் மாறும்போது காற்றில் போய்விடும். மண்ணடி ஜாபர் சாரங் தெருவில் இருக்கும் வக்ஃப் வாரியத்தின் கீழ் பதிவான பள்ளிகளுக்கு இது இன்னும் முக்கியம். வக்ஃப் இடம் (இறைவழிக்கு ஒதுக்கிய சொத்து) வேறு, சங்கத்தின் சொத்து வேறு.

துணை விதிகளை வேறொரு சங்கத்திலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். நிர்வாகிகளின் பதவிக்காலம், ஒருவர் தொடர்ந்து எத்தனை முறை தலைவராகலாம், சங்கம் கலைந்தால் பணமும் பொருளும் யாருக்குப் போகும் ஆகிய மூன்றையும் நீங்களே உட்கார்ந்து பேசி எழுதுங்கள். பதிவுக்குப் பின் ஆண்டுப் பொதுக்குழுவும் ஆண்டறிக்கையும் தவறக் கூடாது. பல சங்கங்கள் பதிவு செய்த மறு வருடமே இதை மறந்துவிட்டு, வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போதுதான் விழிக்கின்றன.

பதினெட்டு வயதுக்குக் கீழே

சிறுவர்களைச் சேர்க்கும்போது பெற்றோர் இருவரில் ஒருவரின் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும், ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா இருக்கிறதா என்ற விவரமும் வாங்குங்கள். எந்தச் சிறுவனோடும் எந்தப் பொறுப்பாளரும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் பெரியவர்கள் இருவர், கதவு திறந்து. சிறுவர்களோடு தனிப்பட்ட வாட்ஸ்அப் பேச்சு கூடாது. பெற்றோர் இருக்கிற குழுவில் மட்டும் அறிவிப்பு. ஒரு பையன் தனக்கு ஏதோ நடந்தது என்று சொன்னால் சங்கத்துக்குள் பஞ்சாயத்து பேசாதீர்கள். 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. மஹல்லாவின் மானம் என்று சொல்லி இதை மூடுகிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரைக்குக் குளிக்க அழைத்துப் போகாதீர்கள். மணலில் விளையாட்டு போதும். ரமலானுக்குப் பதினைந்து நாள் முன்னால் வரும் பராஅத் இரவிலும் பெருநாள் இரவிலும் பைக் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களை வெறும் அறிவுரை நிறுத்தாது. அந்த இரவுகளில் அவர்களுக்குப் பொறுப்பான வேலை கொடுங்கள். கபர்ஸ்தான் (அடக்கத்தலம்) வாசலில் வண்டி நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்வது, ஸஹர் சாப்பாடு பரிமாறுவது என்று பெயரைச் சொல்லி ஒப்படைத்தால் பெரும்பாலானோர் நின்று செய்வார்கள்.

சான்றிதழ் மேசை

மஹல்லாவில் உடனடியாகப் பலன் தெரிகிற வேலை இதுதான். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு போன், ஸ்டேப்ளர். செலவு அவ்வளவுதான்.

வருகிறவர்களில் பலருக்கும் இருப்பது பெயர்ச் சிக்கல். ஒரே பையன் பிறப்புச் சான்றிதழில் முஹம்மது, ஆதாரில் முகமது, மார்க்‌ஷீட்டில் மொஹமத். ஆங்கில எழுத்தில் பார்த்தால் ஒரு ஆவணத்தில் 'யு', மற்றதில் 'ஓ', ஒன்றில் எம் ஒன்று, மற்றதில் இரண்டு. இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், பாஸ்போர்ட்டில் அத்தாவின் முழுப்பெயர். கல்லூரிச் சேர்க்கையிலும் உதவித்தொகையிலும் விண்ணப்பம் திரும்பி வருவது இந்த ஓர் எழுத்தால்தான். ஆகவே ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைத் தேடிப் பிடியுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகும் முன் பள்ளியில் திருத்துவது எளிது. மார்க்‌ஷீட் அச்சாகிவிட்டால் அலைச்சல் பல மடங்கு. முதலில் பிறப்புச் சான்றிதழைச் சரிபார்த்து, அதை வைத்து ஆதார், ஆதாரை வைத்துப் பள்ளிப் பதிவு என்ற வரிசையில் போங்கள். வரிசை மாறினால் திருத்தியதையே திருப்பித் திருத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் தமிழ்நாட்டில் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. பட்டியலில் இருப்பவை அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையத். விண்ணப்பத்தில் வெறும் 'முஸ்லிம்' என்று எழுதினால் போதாது, உட்பிரிவு வேண்டும். அத்தாவின் சான்றிதழோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ எந்தப் பிரிவைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள். அத்தாவுக்கு லப்பை, மகனுக்கு ஷேக் என்று போனால் விண்ணப்பம் நின்றுவிடும். மத்திய அரசுக் கல்லூரிக்கும் வேலைக்கும் இந்தச் சான்றிதழ் செல்லாது. அதற்கு ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இதைத் தெரியாமல் கடைசி நாளில் ஓடி வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

வருமானச் சான்றிதழுக்கு ஒரு வருடம்தான் ஆயுள் என்பதால் ஏப்ரலிலேயே நினைவூட்டுங்கள். குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். சுயதொழில் கடனுக்கு டாம்கோ (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்). வட்டி சம்பந்தமான கேள்வி வந்தால் ஹஜ்ரத்திடம் அனுப்புங்கள், மேசையில் உட்கார்ந்து ஃபத்வா கொடுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. யாருடைய ஆதார் நகலையும் உங்கள் போனில் சேமித்து வைக்காதீர்கள். வேலை முடிந்த அன்றே அழித்துவிட்டு, அழித்ததை அவர்களுக்குக் காட்டுங்கள்.

நோன்புக் கஞ்சி

ரமலானில் சங்கத்தை மஹல்லா எடைபோடுவது கஞ்சியில்தான். பள்ளிவாசல்களுக்கு அரசு பச்சரிசி தருகிறது. அதற்கான விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நிர்வாகம் மூலம் முன்கூட்டியே போக வேண்டும். இளைஞர்களின் பங்கு காய்கறி, கறி, தேங்காய் வாங்குவது, வரிசை, பரிமாறுதல், கழுவுதல்.

300 பேருக்கு, ஆளுக்கு ஒரு குவளை கணக்கில்: உடைத்த பச்சரிசி 10 கிலோ, பாசிப்பருப்பு ஒன்றரை கிலோ, வெந்தயம் 150 கிராம், கைமா 3 கிலோ, வெங்காயம் 3 கிலோ, தக்காளி 2 கிலோ, இஞ்சியும் பூண்டும் அரைத்தது 1 கிலோ, பச்சை மிளகாய் 300 கிராம், தேங்காய் 15, எண்ணெய் 1 லிட்டர், புதினாவும் மல்லியும் பத்துக் கட்டு, பட்டை கிராம்பு ஏலம் ஒரு கைப்பிடி. தண்ணீர் 80 லிட்டர். தேக்சா (பெரிய சமையல் பாத்திரம்) 150 லிட்டர் பிடிக்க வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் கொதிக்கும்போது பொங்கி அடுப்பை அணைத்துவிடும்.

லுஹர் (நண்பகல் தொழுகை) தொழுத கையோடு அடுப்பைப் பற்றவையுங்கள். தாளிப்பும் கைமாவும் வதங்கியதும் தண்ணீரை ஊற்றி, அது தளதளவென்று கொதித்த பிறகுதான் அரிசி, பருப்பு, வெந்தயம். ஆறின தண்ணீரில் அரிசியைப் போட்டால் நேராக அடியில் போய்ப் படியும், அங்கேயே பிடிக்கும். முதல் இருபது நிமிடம் துடுப்பு நிற்கக் கூடாது. துடுப்பு தேக்சாவின் அடியைத் தொட்டுப் போக வேண்டும், மேலே கிண்டுவதில் பலனில்லை. துடுப்பின் கீழே வழவழப்பு போய் நறநறவென்று தட்டினால் அடிபிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே தீயைக் குறைத்து, அடியைச் சுரண்டாமல், மேலே இருப்பதை வேறு தேக்சாவுக்கு மொண்டு மாற்றுங்கள். சுரண்டினால் கருகல் வாசனை மொத்தக் கஞ்சிக்கும் ஏறும், அதற்கு மாற்று கிடையாது. தேங்காய்ப் பால் கடைசியில், தீ சிம்மில் இருக்கும்போது. ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், அஸருக்கும் (பிற்பகல் தொழுகை) மக்ரிபுக்கும் இடையில் தானே கெட்டியாகும்.

சிலிண்டர் 19 கிலோ வணிக சிலிண்டராக இருக்க வேண்டும், வீட்டு சிலிண்டர் சட்டப்படி தவறு. பதினெட்டு வயதுக்குக் கீழ் யாரும் அடுப்பின் பக்கத்தில் நிற்க வேண்டாம். நோன்போடு வெயிலில் நின்று தலைசுற்றி விழுகிறவர்கள் பெரும்பாலும் ஆர்வத்தில் வந்த சிறுவர்கள். கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை. சூடான கஞ்சி பையைப் பிய்த்துக்கொண்டு குழந்தைகளின் காலில் கொட்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம். தூக்கு கொண்டு வரச் சொல்லுங்கள். பெண்களுக்குத் தனி வரிசை, முதியவர்களுக்கு நாற்காலி. அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவ வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் தூக்கோடு வருவார்கள். அவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடாமல் வந்த வரிசையிலேயே கொடுங்கள்.

விளையாட்டும் மற்றவையும்

வடசென்னையில் கேரம் போர்டும் கால்பந்தும் இல்லாத தெரு ஏது? கேரம் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் கூடாது. போட்டிக்குப் பையனை அனுப்பும் எண்ணம் இருந்தால் இந்த அளவில்தான் பழக்க வேண்டும். விலை குறைந்த சின்னப் போர்டில் பழகிய கை பெரிய போர்டில் தடுமாறும். போரிக் பவுடர் கண்ணில் படக் கூடாது. ஆடி முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் டீ.

டோர்னமெண்ட் நடத்தினால் நுழைவுக் கட்டணத்தைச் சேர்த்து அதையே பரிசாகக் கொடுக்காதீர்கள், அது சூதாட்டத்தின் வாசலில் கொண்டுபோய் விடும். கட்டணம் மைதானத்துக்கும் நடுவருக்கும். பரிசு வெளியே ஒருவர் தருவதாக இருக்கட்டும். ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்கு மேல் கூடாது. சாலையில் அனுமதியில்லாத பேனர் வேண்டவே வேண்டாம்.

இரத்ததானம்: வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5, ஆண்களுக்கு இரண்டு தானத்துக்கு இடையில் 90 நாள். குழுவாரியாகப் பெயர்ப் பட்டியலும் கடைசியாகக் கொடுத்த தேதியும் எழுதி வையுங்கள். ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்து இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வரும்போது அந்தத் தேதிதான் உதவும். ரமலானில் நோன்போடு கொடுக்கச் சொல்லாதீர்கள், இஃப்தாருக்குப் பின் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

மய்யித் வேலைக்குப் பெரியவர்களோடு மூன்று நான்கு இளைஞர்களைப் பழக்குங்கள். ஆணுக்குக் கஃபன் (உடலைப் போர்த்தும் துணி) மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. சந்தூக் (மய்யித்தைத் தூக்கிச் செல்லும் பெட்டி) எங்கே இருக்கிறது, சாவி யாரிடம், இரவில் கபர் வெட்ட யாரைக் கூப்பிடுவது என்று பாங்கு சொல்லும் மோதினாரிடம் கேட்டு ஒரு அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. துக்கத்தில் இருக்கிற வீட்டார் இதை மறப்பார்கள், மூன்றாம் நாள் ஒருவர் போய் நினைவூட்டுங்கள்.

பொறுப்பை மாற்றுதல்

செயலாளர் துபாய் போகிற நாள் ஒருநாள் வரும். விமான டிக்கெட் வந்த பிறகு பொறுப்பை மாற்றினால் பாதி விஷயம் அவரோடு போய்விடும். ஒவ்வொரு பொறுப்புக்கும் வயதில் இளையவர் ஒருவரை முதல் நாளே பக்கத்தில் உட்கார வையுங்கள். கணக்கு நோட்டை மாதத்தில் ஒரு முறை அவர் எழுதட்டும், மூத்தவர் பார்த்துத் திருத்தட்டும். மாற்றும் நாளில் மூன்று நோட்டு, மீதமுள்ள ரசீதுப் புத்தகங்கள், பதிவுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், அலமாரிச் சாவி இரண்டு, வாட்ஸ்அப் குழுவின் அட்மின் உரிமை என்று ஒரு பட்டியல் எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் பள்ளியின் பொறுப்பாளர் முன்னால் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது சாவி மோதினாரிடம் இருக்கட்டும். சுப்ஹுக்குக் கதவு திறக்க எப்படியும் அவர்தான் முதலில் வருவார்.